தம்ளரைக் கழுவி வைக்கணுமா?

போன மாதம் எங்கள் தோழர் ஒருவருக்கு குரூப் 4 பணி ஆணை வந்தது. அவர்கள் வீட்டில் முதல் அரசு வேலை. அவர்கள் தெருவிலேயே மூன்றாவது. முதல் சம்பளம் கைக்கு வந்ததும் அம்மா, அப்பா, தங்கையோடு எங்களில் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு, மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலின் ஏ.சி. ஹாலுக்குக் கூட்டிப் போனார். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்பா செருப்பை வெளியே கழற்றலாமா என்று ஒரு நிமிடம் வாசலில் நின்றார்.

சாப்பாடு முடிந்து காபி வந்தது. குடித்து முடித்த அம்மா, டவராவையும் தம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மகனிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, கொழாய் எங்க இருக்கு? தம்ளரக் கழுவி வெச்சிட்டு வந்துர்றேன்."

பரிமாறிய தம்பி சிரித்துக்கொண்டே, "பரவால்லம்மா, அங்கயே வெச்சிருங்க, எடுத்துக்குவாங்க" என்றார். அவர் கேலியாகச் சிரிக்கவில்லை, அவருக்கு விஷயம் தெரியாது. எங்கள் மேஜையில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மாவின் ஊர் டீக்கடையில் நம் ஆட்களுக்கான கிளாஸ் கூரை ஓரத்து ஆணியில் தொங்கியது. நாமே எடுத்து, டீ வாங்கிக் குடித்து, நாமே கழுவி, மறுபடி ஆணியில் மாட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்து அதைச் செய்த கை அது. அரசு வேலை மகனுக்கு வந்துவிட்டது. அம்மாவின் கை இன்னும் அந்த ஆணியைத் தேடுகிறது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பேசினோம். எழுதச் சொன்னவர் அந்த மகன்தான். "எல்லாரும் போட்டோ போட்டு 'ஃபேமிலி டைம்'னு எழுதுறாங்க தோழர். நம்ம ஃபேமிலி டைம் இதுதான்னு எழுதுங்க" என்றார்.

மேஜை சும்மா கிடைக்கவில்லை

"ஹோட்டலுக்குப் போய் சாப்பிடுவதில் என்ன அரசியல்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு செய்தி. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் ஹோட்டல் இருக்கிறது. பிரிவு 15இன் இரண்டாம் உட்பிரிவைத் திறந்து பாருங்கள். கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைய எந்தக் குடிமகனையும் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்றால், அந்த நாட்டில் சாப்பாட்டுக் கடை எப்படி இருந்தது என்று யோசியுங்கள்.

அந்தச் சட்டத்தை எழுதிய குழுவின் தலைவருக்கே அது சொந்த அனுபவம். 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர், பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடமில்லை. இந்து விடுதி சேர்க்காது. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலையில் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அதற்கு முன்பே, 1901இல் சிறுவனாக அண்ணனோடு அப்பாவைப் பார்க்கப் போன பயணத்தில், கையில் கட்டுச்சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காததால் இரவு முழுக்கப் பட்டினி கிடந்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். சோறு இருந்தது, காசு இருந்தது, தண்ணீர் தரத்தான் ஆள் இல்லை.

தமிழ்நாட்டுக் கதையும் இதுவேதான். காபி ஹோட்டல்கள் வந்த காலத்தில் அவற்றில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். நமக்கு இடமே கிடையாது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட இந்தப் பிரிவினை இருந்தது. சுயமரியாதை இயக்கம் விடாமல் எதிர்த்ததால் 1941இல்தான் அது ஒழிந்தது. விடுதலை வந்து, சட்டம் வந்து, குடியரசு ஆகி ஏழு வருடம் கழிந்தும், 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்க, பெரியார் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போக வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடைக் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் நடத்திய தேநீர்க்கடைப் பிரவேசமும்தான் அவற்றைத் திறந்தன. அமெரிக்காவில் 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான உணவு மேடையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள் அந்த மேடை அவர்களுக்குத் திறந்தது. அவர்களுக்கு உங்கள் வயதுதான், கல்லூரி முதலாண்டு.

ஆக, நீங்கள் பிறந்தநாளுக்குப் போய் உட்காருகிற நாற்காலியை ஹோட்டல் முதலாளி உங்களுக்குப் போட்டுத் தரவில்லை. அடி வாங்கியவர்களும் சிறைக்குப் போனவர்களும் போட்ட நாற்காலி அது. கூச்சப்படாமல் உட்காருங்கள்.

பலகை இறங்கியது, ஆணி இறங்கவில்லை

இங்கே நம் திராவிட இயக்கத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. 'பிராமணாள்' பலகை இறங்கியதை நாமும் கொண்டாடுகிறோம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களை வணங்குகிறோம். ஆனால் கிராமத்து டீக்கடையில் ஆணியில் கிளாஸை மாட்டியது யார்? அக்ரகாரம் டீக்கடை நடத்தவில்லை. நகரத்தில் பலகை இறங்கியபோது மகிழ்ந்த சாதிகளே ஊரில் நமக்குத் தனிக் குவளையை மாட்டின. பலகைக்கு எதிராக இருந்த கோபம் குவளைக்கு எதிராக அதே அளவில் எழவில்லை. பெரியார் வழி வந்த சில அமைப்புகளும் இடதுசாரித் தோழர்களும் தலித் இயக்கங்களும் பட்டியல் எடுத்து, கடை கடையாகப் போராடியதை மறுக்கவில்லை. ஆனால் ஆட்சியில் இருந்தவர்களுக்கு அது ஓட்டுக்கணக்காகவே இருந்தது.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பவர்களுக்குத் தேதி சொல்கிறோம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த நம் பள்ளிக் குழந்தைகளிடம் "ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்கக் கூடாது" என்று சொன்ன கடைக்காரர் அதை வீடியோவாகவும் எடுத்துப் பரப்பினார். அதே ஆண்டு டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததை விசாரிக்க மாவட்ட ஆட்சியர் போனபோது, பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் தோட்ட வேலைக்குப் போன நம் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றினார்கள். மூன்றிலும் கைது நடந்தது. வீடியோ இருந்ததால், அதிகாரி நேரில் போனதால் நடந்த கைது. வீடியோ எடுக்காத ஊர்களில் என்ன நடக்கிறது என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

இப்போது பல ஊர்களில் பேப்பர் கப் வந்திருக்கிறது. அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குப் பேப்பர் கப். கேட்டால், "சுகாதாரம் தம்பி, கொரோனாவுக்கு அப்புறம் இப்படித்தான்" என்பார்கள். எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் அது சுகாதாரம். நமக்கு மட்டும் என்றால் அது ஆணியில் தொங்கிய அதே கிளாஸ்தான். இப்போது கழுவக்கூட வேண்டியதில்லை, தூக்கி எறிந்துவிடலாம் என்பதுதான் வளர்ச்சி.

'காசுக்குச் சாதி இல்லை'

சரி, கிராமம் அப்படித்தான், நகரத்தில் காசு இருந்தால் யாரும் சாதி கேட்பதில்லையே என்பது அடுத்த வாதம். நம் பிள்ளைகளில் பலரும் இதை நம்புகிறார்கள். நம்ப ஆசைப்படுகிறார்கள் என்பதே சரி.

பாதி உண்மை இதில் இருக்கிறது, மறைக்க மாட்டோம். யாரென்று தெரியாத நகரத்தில் ஒரு தோசையை வாங்கிச் சாப்பிடுவது பெரிய விடுதலை. ஊரிலிருந்து பட்டணம் போகச் சொன்ன அம்பேத்கருக்கு அது தெரியும். ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: நீங்கள் யாரென்று தெரியாமல் இருக்க வேண்டும். நீல நிறச் சட்டையில் அம்பேத்கர் படம் போட்டு, ஏப்ரல் 14 அன்று இருபது பேராக ஒரு பெரிய ஹோட்டலுக்குள் போய்ப் பாருங்கள். 'ஃபேமிலி செக்‌ஷன் மட்டும்தான் காலி' என்ற பதிலும், "எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" என்ற விசாரிப்பும் எங்களுக்கு நடந்திருக்கிறது. ஒளித்து வைத்தால் மட்டும் செல்லும் உரிமைக்கு உரிமை என்று பெயர் இல்லை. பரோடாவில் பார்சிப் பெயர் பதிந்த அம்பேத்கருக்கும் பத்து நாள் வரை யாரும் சாதி கேட்கவில்லை.

யார் சுத்தம், யார் அசுத்தம்?

உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம். மெனு கார்டு வருகிறது. இங்கேதான் இரண்டாவது சண்டை.

சொற்களைக் கவனியுங்கள். அது 'சைவம்', இது 'அசைவம்'. ஒன்றுக்குப் பெயர் இருக்கிறது, மற்றதற்கு 'அது இல்லாதது' என்பதே பெயர். நாட்டில் பெரும்பாலோர் சாப்பிடுவதற்கு ஒரு சொந்தப் பெயர்கூடக் கிடையாது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு ஆய்வுப்படி தமிழ்நாட்டில் இறைச்சி, மீன், முட்டை உண்பவர்கள் 97 சதவீதத்துக்கும் மேல். 97 பேர் சாப்பிடுவது விலக்கு, மூன்று பேர் சாப்பிடுவது விதி. இதற்கு மேல் 'சுத்த சைவம்' என்ற பலகை வேறு. எங்காவது 'சுத்த அசைவம்' என்ற பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? சுத்தம் ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால் மறுபக்கம் என்னவென்று பலகை சொல்ல வேண்டியதில்லை. படிப்பவருக்கே புரியும்.

காய்கறி மட்டும் சாப்பிடுவது ஒருவரின் விருப்பம். அதோடு நமக்குச் சண்டை இல்லை. அந்த விருப்பம் அடுத்தவரின் தட்டைத் தள்ளி வைக்கக் கிளம்பும்போதுதான் சண்டை. 2018இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு மெஸ்ஸில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனி நுழைவாயில், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் அம்பலப்படுத்திய பிறகு கிழித்தார்கள். 2023இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் சில மேஜைகளைச் சைவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். எதிர்த்து அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். 2024 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம் 'சுத்த சைவ' உணவைக் கொண்டுபோகத் தனிப் படை, பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கழற்றியது. தனி வாசல், தனிக் குழாய், தனி மேஜை, தனிச் சட்டை. இந்தப் பட்டியல் நம் தாத்தாக்களுக்குப் புதிதாகவா தோன்றும்?

அசைவத்துக்குள்ளும் ஒரு சேரி இருக்கிறது. ஆடு வரலாம், கோழி வரலாம், காடை வரலாம், நண்டு வரலாம். மாடு வரக் கூடாது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. கோழி பிரியாணி, ஆட்டு பிரியாணி எல்லாம் உண்டு, மாட்டுக்கறி பிரியாணி கிடையாது. ஆம்பூர்! தோல் தொழிற்சாலைகளின் ஊர்! அந்தத் தோலை உரித்து, பதப்படுத்தி, காலணியாக்கி, உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் கைகள் சாப்பிடும் சோற்றுக்கு அந்த ஊர்த் திருவிழாவில் இடம் இல்லை. தோல் வேண்டும், கறி வேண்டாம். எதிர்ப்பு வந்தது, விழா தள்ளிப் போனது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று விளக்கம் கேட்டது. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி சாப்பிடத் தடை எதுவும் கிடையாது. ஆனால் நம் வீட்டு விசேஷத்துக்கு ஒரு நல்ல ஹோட்டலில் உட்கார்ந்து நம் வீட்டுச் சமையலைச் சாப்பிட முடியுமா? நம் சுவைக்கு ரோட்டோரத் தள்ளுவண்டி. கொண்டாட்டத்துக்கு அவர்கள் சுவை. இதைத்தான் நாம் 'பொதுவான சாப்பாடு' என்று பழகிக்கொண்டோம்.

பலகையில் யார் பெயர்?

ஒரு நாள் பைபாஸ் சாலையில் வண்டியில் போகும்போது ஹோட்டல் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். ஐயர் மெஸ், கவுண்டர் மெஸ், தேவர் ஹோட்டல், நாடார் மெஸ், செட்டிநாடு, ரெட்டியார் மெஸ். சாதிப் பெயர் அங்கே சுவையின் உத்தரவாதம். யாரும் முகம் சுளிப்பதில்லை. 'பாரம்பரியம்' என்கிறார்கள், யூடியூபில் விமர்சனம் போடுகிறார்கள்.

பறையர் மெஸ்? பள்ளர் ஹோட்டல்? அருந்ததியர் பிரியாணி? படிக்கும்போதே உங்களில் சிலருக்கு ஏதோ செய்கிறதல்லவா? அந்தக் கூச்சத்தைத்தான் நாங்கள் சொல்கிறோம். அவர்கள் சாதி விளம்பரம், நம் சாதி வசவு. நாமும் சாதிப் பெயரை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லாப் பெயரும் இறங்க வேண்டும் என்கிறோம். ஆனால் சமத்துவம் பேசும் நண்பர்கள் ஒருமுறை இந்தச் சோதனையை மனதுக்குள் செய்து பார்க்கட்டும்.

நம் ஆட்களில் ஹோட்டல் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணன் பத்து வருடமாக ஒரு சிறுநகரத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். கடையில் சாமி படம் இருக்கிறது, அம்பேத்கர் படம் கிடையாது. "படம் மாட்டினா மறுநாள் மத்தியானம் அண்டா அப்படியே இருக்கும் தம்பி" என்றார். அவர் வீட்டுக்குள் ஆளுயரப் படம் இருக்கிறது. 2024 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் யாத்திரை வழியில் உள்ள உணவுக் கடைகள் உரிமையாளர் பெயரை வெளியே எழுத வேண்டும் என்று போலீஸ் உத்தரவிட்டபோது, உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பெயரை எழுதச் சொன்னது ஏன் என்று எல்லோருக்கும் புரிந்தது. நம் அண்ணனுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அவராகவே மறைத்துக்கொள்ளும்படி ஊர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

யார் சமைத்தால் சாப்பிடுவார்கள் என்பதற்குப் பள்ளிக்கூடமே சாட்சி. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே சத்துணவு சமைக்க வந்த நம் அம்மா ஒருவரை ஊரே சேர்ந்து சமையலறையிலிருந்து விரட்டியது. 2023இல் காலை உணவுத் திட்டத்தில் நம் பெண் சமைத்ததால் கரூர் மாவட்டத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கும் உப்புமாவிலேயே சாதி பார்க்கும் நாடு, காசு கொடுத்து வாங்கும் பிரியாணியில் பார்க்காதா?

தட்டுக்குப் பின்னால்

மேஜையிலிருந்து எழுந்து பின்பக்கம் வாருங்கள். மேஜை துடைப்பவர், எச்சில் தட்டு எடுப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், கழிப்பறை கழுவுபவர். இவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். இன்று வடமாநிலத்துப் பையன்கள் அதிகம் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஊர், தெரு கேளுங்கள். பெரும்பாலும் நம் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள், மொழி மட்டும்தான் வேறு. நமக்கு முன்னால் தம்ளரைக் கழுவிய கை மேஜையில் உட்கார்ந்துவிட்டது என்று மகிழும்போது, கழுவும் இடத்தில் இன்னொரு நம் கை நிற்கிறது.

அதற்கும் பின்னால் ஒரு குழி இருக்கிறது. 2019 ஜூனில் குஜராத்தின் வதோதரா மாவட்டத்தில் ஒரு ஹோட்டலின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களும், அவர்களைக் காப்பாற்றப் போனவர்களுமாக ஏழு பேர் செத்தார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. அந்த ஹோட்டலில் அன்று மதியம் யாரோ பிறந்தநாள் கொண்டாடியிருக்கலாம். நாம் சாப்பிட்டு எழுந்த இடத்தின் அடியில் என்ன இருக்கிறது, அதில் யார் இறங்குகிறார்கள் என்று கேட்காமல் கொண்டாடினால், நாமும் ஊர்க்காரர்களாக மாறிவிட்டோம் என்றே அர்த்தம்.

கொண்டாட்டம் ஆடம்பரம் அல்ல

நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் வரும். "மக்கள் இவ்வளவு கஷ்டத்தில் இருக்கும்போது ஏ.சி. ஹோட்டல் தேவையா தோழர்? அந்தக் காசில் நாலு பிள்ளைக்கு நோட்டு வாங்கலாமே." இதைச் சொல்பவர்களின் நேர்மை மீது எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஏற்க மாட்டோம்.

நமக்கு எப்போதும் மிச்சத்தையே கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்கூட இல்லை, பின்வாசலில் பாத்திரம் ஏந்தி வாங்கினோம். திருவிழாவில் பறை அடித்தோம், பந்தியில் உட்காரவில்லை. உட்கார வைத்துப் பரிமாறப்படுவது என்பது நம் அம்மாக்களுக்கு வாழ்க்கையில் அநேகமாக நடக்காத ஒன்று. வீட்டில் அவர்கள்தான் கடைசியாகச் சாப்பிடுவார்கள், வெளியில் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இன்னொருவர் வந்து "என்ன சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்க, அவர் யோசித்துப் பதில் சொல்வதை நாங்கள் அந்த ஹோட்டலில் பார்த்தோம். அந்தப் பதிலுக்கு அவர் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார். ரவா தோசை கேட்டார். அந்த மூன்று நிமிடத்தை ஆடம்பரம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. 'எளிமையாக இருங்கள்' என்ற உபதேசம் எப்போதும் கீழே இருப்பவர்களிடமே ஏன் வருகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்பேத்கர் கோட் போட்டதற்கும் இதே கேள்விதான் வந்தது.

என்ன செய்யலாம்?

ஒன்று. சட்டத்தைக் கையில் வைத்திருங்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், நான்காம் பிரிவு. ஹோட்டலுக்குள் நுழைவதைத் தடுப்பது மட்டும் குற்றமல்ல. பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று அது தனியாகச் சொல்கிறது. பொருள் விற்க மறுப்பது ஆறாம் பிரிவின்கீழ் குற்றம். தண்டிக்கப்பட்டால் கடை உரிமத்தையே ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு எட்டாம் பிரிவில் அதிகாரம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் இதையே இன்னும் கடுமையாக்கியது. கடையில் நுழைவதையோ பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்துவதையோ தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. குவளை நம் சட்டத்தில் இருக்கிறது தோழர்களே. சமரசம் பேச வரும் இன்ஸ்பெக்டரிடம் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

இரண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது டீக்கடைக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், ஐந்தாறு பேராகப் போங்கள். எதில் ஊற்றுகிறார்கள், பக்கத்தில் இருப்பவருக்கு எதில் ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். நாள், நேரம், படம் எடுத்து வையுங்கள். நகரத்து ஏ.சி. ஹாலில் உட்கார்ந்துவிட்டு, ஊர் டீக்கடையில் வெளியே நின்று குடித்துவிட்டு வந்தால் நம் படிப்புக்கு அர்த்தமில்லை.

மூன்று. நம் சாப்பாட்டை ஒளிக்காதீர்கள். கல்லூரியில் நண்பர்கள் கேட்டால் மட்டன் என்று பொய் சொல்லாதீர்கள். பாட்டியிடம் உட்கார்ந்து, உப்புக்கண்டம் எப்படிப் போட்டார்கள், இரத்தப் பொரியல் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மராத்தியில் ஷாஹு பட்டோலே நம் மக்களின் சமையலை 2015லேயே புத்தகமாக்கினார். தமிழில் நாம்தான் செய்ய வேண்டும். நம் விசேஷங்களில் ஒன்றையாவது நம் ஆட்கள் நடத்தும் கடையில் வையுங்கள். இருபது பேர் போய் உட்கார்ந்தால் அந்த அண்ணன் படத்தை வெளியே மாட்டலாம்.

நான்கு. எந்த ஹோட்டலில் சாப்பிட்டாலும் தட்டு எடுக்கும் தோழரின் பெயரைக் கேளுங்கள். டிப்ஸ் கொடுப்பதென்றால் அவர் கையில் கொடுங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலாளரிடம் கேளுங்கள். சாம்பாரில் உப்பு குறைந்தால் கேட்கத் தெரிகிறதல்லவா?

அந்த அம்மா கடைசியில் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வந்தார். வாசலுக்கு வந்த பிறகும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பேருந்தில் ஏறியதும் மகனிடம் சொன்னார்: "அடுத்த மாசம் உங்க பெரியம்மாவையும் கூட்டிட்டு வரலாம்டா. அவளும் கழுவித்தான் வெச்சிருக்கா."

கூட்டிப் போகிறோம். பெரியம்மாவையும், அவர்கள் தெருவில் கிளாஸ் கழுவிய ஒவ்வொருவரையும். அதற்கு முன் அந்த ஊர் டீக்கடைக்கு ஒரு நாள் எல்லோருமாகப் போகிறோம். அந்த ஆணியைப் பிடுங்க வேண்டியிருக்கிறது.

ஜெய்பீம்!